ஹர்தகா வீட்டுக் கதையைத் தமிழில் எழுதுங்கள்: சிறார் நூல் எழுதுவோருக்கும் பதிப்பிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழில் பிள்ளைகளுக்காக எழுதுவோருக்கும், படம் வரைவோருக்கும், அந்தப் புத்தகங்களைப் பணம் போட்டு அச்சிட்டுக் கொண்டுவருவோருக்கும் வணக்கம்.

ஒரு கிளை நூலகத்தில் விடுமுறை நாட்களில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் புத்தகம் வாசிக்கிறவள் நான். உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போரில் யூத அண்டை வீட்டாருக்குத் தங்கள் வீட்டில் இடம் கொடுத்த முஸ்லிம் குடும்பங்களின் கதையைத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுதுங்கள். நடந்ததை அடித்தளமாக வைத்து, ஒரு பிள்ளையின் கண் வழியாகச் சொல்லும் வரலாற்றுப் புனைவாக எழுதுங்கள்.

அந்தப் போரைப் பற்றி எங்கள் அலமாரியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஆன் ஃபிராங்க் நாட்குறிப்பின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அது இருக்கட்டும், என்றும் இருக்க வேண்டிய புத்தகம். அதற்குப் பக்கத்திலேயே ஹிட்லரின் வாழ்க்கை வரலாறுகள், ஒன்றுக்கு மேல். புத்தகக் கண்காட்சியில் அவை எத்தனை கடைகளில் முன்வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கொன்றவனைப் பற்றித் தெரிந்துகொள்ள எங்கள் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. கொல்லப்பட்டவர்களில் ஒரு சிறுமியைப் பற்றியும் வழி இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டவர்களைப் பற்றி வாசிக்க வழி இல்லை.

நாட்குறிப்பை வாசித்து முடித்த வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அக்கா, அந்த ஊர்ப்பக்கம் முஸ்லிம்களும் இருந்தாங்களா? அவங்க என்ன பண்ணாங்க?" மற்றப் பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முஸ்லிம் பெண். அவள் எதற்காகக் கேட்கிறாள் என்று அங்கே இருந்த எல்லாருக்குமே புரிந்தது. அவள் கையில் கொடுக்கத் தமிழில் ஒரு புத்தகம் இல்லாததால் வாய்மொழியாகவே சொன்னேன். இன்றைய போஸ்னியாவில் இருக்கும் சரயேவோ நகரத்தின் கதையைச் சொன்னேன்.

அதை உங்களுக்கும் சொல்கிறேன். இதில் ஒரு புத்தகத்துக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது.

நம் பாடப்புத்தகத்தில் சரயேவோ 1914ஆம் ஆண்டு இளவரசர் ஒருவர் சுடப்பட்ட ஊராக மட்டும் வரும். மலைகள் சூழ்ந்த அந்த ஊரில் பள்ளிவாசலும், கத்தோலிக்கத் தேவாலயமும், ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும், யூதர்களின் தொழுகைக்கூடமும் நடந்துபோகும் தூரத்தில் இருந்தன. ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்கள் அங்கே சில நூறு ஆண்டுகளாக வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவர் யோசெஃப் கபிலியோ. குழாய்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று நடத்திவந்தார். தொழிற்சாலை இருந்த கட்டடம் ஹர்தகா என்ற முஸ்லிம் குடும்பத்துக்குச் சொந்தம். வாடகைப் பழக்கம் இரண்டு குடும்பங்களுக்கும் இடையே நட்பாக வளர்ந்திருந்தது.

1941 ஏப்ரலில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டதில் கபிலியோவின் வீடு போயிற்று. மனைவி ரிவ்காவோடும் பிள்ளைகளோடும் அவர் வெளியே நின்றபோது முஸ்தஃபா ஹர்தகா தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். முஸ்தஃபா, அவர் மனைவி ஸெய்னெபா, அண்ணன் தம்பியாக ஒரே வீட்டில் இருந்த இஸெத், அவர் மனைவி பஹ்ரியா என்று நிறைந்த வீடு. மார்க்கப் பற்றுள்ள குடும்பம். அந்நிய ஆண்கள் முன்னால் அந்த வீட்டுப் பெண்கள் முகத்திரை இல்லாமல் வந்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டில் வேறு மதத்து ஆண் ஒருவர் இராத் தங்குவது சாதாரண விஷயம் இல்லை. நீ எங்களுக்குச் சகோதரன், உன் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள், எங்களுடையது எல்லாம் உன்னுடையது என்று சொல்லி அவரைக் குடும்பத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஹிட்லர் அரசின் ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் அலுவலகம் இருந்தது. யூதர்களுக்கு இடம் கொடுத்தால் மரணம் என்று சுவர்களில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

அந்த ஆண்டு எடுத்த ஒரு புகைப்படம் இன்றைக்கும் கிடைக்கிறது. சரயேவோவின் தெரு. ஸெய்னெபா நடந்து வருகிறார். கூடவே ரிவ்காவும் பிள்ளைகளும். யூதர் என்று அடையாளம் காட்ட ரிவ்கா அணிந்தாக வேண்டிய மஞ்சள் நட்சத்திரத்தை ஸெய்னெபா தன் திரையின் முனையால் மறைத்தபடி வருகிறார். யாருக்கும் காட்டுவதற்காகச் செய்ததில்லை அது. தெருவில் தோழியோடு நடக்கும்போது கை தானாகச் செய்த காரியம். படம் வரைவோரே, இந்த ஒரு படத்திலிருந்து ஒரு முழுப் புத்தகத்தை நீங்கள் வரைந்துவிடலாம்.

பிறகு கபிலியோ, மனைவியையும் பிள்ளைகளையும் இத்தாலியப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்த மோஸ்தாருக்கு அனுப்பிவைத்தார். யூதர்களுக்கு அங்கே ஆபத்து குறைவு. தொழிலை ஒப்படைக்கும் வேலைக்காகத் தான் மட்டும் தங்கியவர் பிடிபட்டார். யாசெனோவாத்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட வேண்டியவர். கடும் பனியால் அந்தப் பயணம் நடக்கவில்லை. காலில் சங்கிலியோடு கைதிகளைப் பனி அள்ள விட்டார்கள். அப்படி நின்றவரை ஸெய்னெபா ஒருநாள் கண்டார். கண்ணீர் வந்தது, அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடவில்லை. அவருக்கும் கூட இருந்த மற்றக் கைதிகளுக்கும் சாப்பாடு கொண்டுபோகத் தொடங்கினார். பின்னர் கபிலியோ தப்பித்தபோது நேராக வந்தது ஹர்தகா வீட்டுக்குத்தான். உடம்பு தேறும்வரை அங்கே இருந்தார். இதற்கு மேலும் தங்கினால் இவர்களுக்கு ஆபத்து என்று பட்டதும் மோஸ்தாருக்குப் போய்க் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார்.

போர் முடிந்து திரும்பியபோது அந்தக் குடும்பம் தங்க வேறு இடம் கிடைக்கும்வரை மறுபடியும் ஹர்தகா வீட்டில்தான் இருந்தது. நம்பி விட்டுப்போன நகைகளை அப்படியே எடுத்துக் கொடுத்தார்கள். இந்தக் கட்டத்தில் எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒளித்துவைத்ததைவிட நகையைத் திருப்பிக் கொடுத்தது சில பிள்ளைகளுக்குப் பெரிதாகத் தெரிந்தது. அடகுக்கடை தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள்.

கதை இங்கே முடிவதில்லை. ஸெய்னெபாவின் தந்தை அகமது சாதிக், பாப்போ என்ற இன்னொரு யூதக் குடும்பத்துக்கு உதவியதற்காகக் கைதாகி யாசெனோவாத்ஸில் கொல்லப்பட்டார். கபிலியோ எந்த முகாமுக்குப் போகாமல் தப்பினாரோ, அதே முகாம். பிற்காலத்தில் ஜெருசலேமில் குடியேறிய கபிலியோ, இந்தக் குடும்பத்தின் கதையை, யூதப் படுகொலையை நினைவுகூர இஸ்ரேல் அமைத்த யாத் வஷேம் நினைவகத்துக்குச் சொன்னார். யூதர்களைக் காத்த பிற மதத்தவருக்கு அந்த நினைவகம் அளிக்கும் சிறப்பு 1984இல் ஹர்தகா குடும்பத்துக்குக் கிடைத்தது. பத்தாண்டுகள் கழித்து நிலைமை தலைகீழானது. 1992இல் தொடங்கிய முற்றுகையில் சரயேவோ மேல் மலைகளிலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்தது. இந்த முறை ஆபத்தில் இருந்தவர் முதியவராகிவிட்ட ஸெய்னெபா. அவரை மீட்க வேண்டும் என்று கேட்டுப் போராடியவர்கள் கபிலியோ குடும்பத்தார். 1994இல் மகளோடு அவர் ஜெருசலேம் போய்ச் சேர்ந்தார். அந்த ஆண்டே காலமானார்.

இதைக் கேட்டு முடித்ததும் பிள்ளைகள் என்ன கேட்டார்கள் தெரியுமா? ராத்திரி இருமல் வந்தா என்ன பண்ணுவாங்க? விருந்தாளி வந்தா எங்கே ஒளிவாங்க? ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களுக்கும் சண்டை வருமா? அந்த அம்மா அவங்களுக்கு என்ன சமைச்சாங்க, அவங்க அதைச் சாப்பிடலாமா? ஒரு நல்ல நாவலாசிரியர் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. வரலாற்று ஆவணம் இவற்றுக்குப் பதில் சொல்லாது. அந்த இடத்தில்தான் நீங்கள் வேண்டும்.

நான் சரயேவோவை மட்டும் சொன்னேன். அல்பேனியாவை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களாக இருந்த அந்தச் சின்ன நாட்டில் போருக்கு முன் சுமார் 200 யூதர்களே இருந்தார்கள். பக்கத்து நாடுகளிலிருந்து தப்பி வந்தவர்களையும் சேர்த்துக்கொண்டதால், போர் முடிந்தபோது அங்கே இருந்த யூதர்களின் எண்ணிக்கை போருக்கு முன்பிருந்ததைப் போல் பல மடங்கு. ஐரோப்பாவில் ஜெர்மனி பிடித்த நாடு ஒன்றைப் பற்றி இப்படிச் சொல்ல முடிவது மிக அரிது. யூதர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டபோது அல்பேனிய அதிகாரிகள் கொடுக்கவில்லை.

ரெஃபிக் வெசெலி அங்கே திரானா நகரத்துப் புகைப்பட நிலையத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்த 17 வயதுப் பையன். யூகோஸ்லாவியாவிலிருந்து ஓடிவந்த மோஷே மண்டில் என்ற யூதப் புகைப்படக் கலைஞருக்கும் அதே இடத்தில் வேலை கிடைத்தது. 1943இல் ஜெர்மன் படைகள் வந்தவுடன், தன் பெற்றோரின் ஊரான குரூயாவுக்கு மண்டில் குடும்பத்தைக் கூட்டிப்போகிறேன் என்றான் ரெஃபிக். இரவில் கோவேறு கழுதைகளின் மேல் மலைப்பாதையில் பயணம், பகலில் குகைகளில் பதுங்கல். ஊர்போய்ச் சேர்ந்ததும் தந்தை வெசெலும் தாய் ஃபாத்திமாவும் பெரியவர்களைத் தொழுவத்துக்கு மேலே இருந்த சின்ன அறையில் மறைத்துவைத்தார்கள். மண்டிலின் பிள்ளைகள் காவ்ராவும் இரேனாவும் ஊர்ப் பிள்ளைகளோடு வெளியில் விளையாடினார்கள். அப்பாவும் அம்மாவும் மாடியில் அடைந்து கிடக்க, கீழே முற்றத்தில் வேறொரு குடும்பத்துப் பிள்ளையாக ஓடித்திரியும் ஒரு சின்னப் பையனை நினைத்துப் பாருங்கள். என்ன மாதிரியான தொடக்கம் அது ஒரு கதைக்கு! இன்னொரு யூதக் குடும்பத்தையும் ரெஃபிக்கின் சகோதரர் கூட்டிவந்தார். 1944இல் விடுதலை வரும்வரை எல்லாரும் அங்கேதான். பின்னாளில் ரெஃபிக், மண்டில் குடும்பத்தோடேயே தங்கிப் புகைப்படத் தொழிலைக் கற்று முடித்தார். 1987இல் யாத் வஷேம் இந்தக் குடும்பத்தைச் சிறப்பித்தது.

எதனால் இதைச் செய்தீர்கள் என்று கேட்டால் அல்பேனியர்கள் 'பெசா' என்பார்கள். கொடுத்த வாக்கு, வீட்டுக்கு வந்தவரைக் காக்கும் கடமை, எல்லாம் அதில் அடக்கம். இதை விளக்க நீங்கள் அடிக்குறிப்பு எழுதித் திணற வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்குச் சிலப்பதிகாரத்து மாதரியைத் தெரியும், தெரியாவிட்டால் தெரிய வேண்டும். மதுரைக்குப் புறத்தே ஆயர் சேரியில் இருந்த அந்த மூதாட்டியிடம் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலமாகக் கொடுத்தார். தன் பொறுப்பில் வந்தவர்களுக்கு நேர்ந்த கதியைக் கேட்ட மாதரி, அடைக்கலத்தை இழந்துவிட்டேனே என்று எரியில் புகுந்தார். காவியத்தின் ஓரத்தில் வந்துபோகும் பாத்திரம்தான். ஆனால் ஃபாத்திமா வெசெலியின் மனம் எப்படிப்பட்டது என்று யாராவது கேட்டால், மாதரியைக் காட்டலாம்.

சரயேவோவில் இன்னொரு கதையும் உண்டு, புத்தகப் பைத்தியம் பிடித்த பிள்ளைகளுக்கானது. அருங்காட்சியக நூலகர் தெர்விஷ் கோர்குத், 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த யூதர்களின் ஓவியச் சுவடி ஒன்றை 1942இல் ஜெர்மன் தளபதி கேட்டு வந்தபோது, தன் கோட்டுக்குள் மறைத்து வெளியே கொண்டுபோனார். வேறு ஓர் அதிகாரி ஏற்கெனவே வாங்கிப்போய்விட்டார் என்று தளபதியிடம் சொன்னார்கள். யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்தில் வாசிக்கும் நூல் அது. பழைய விருந்துகளில் சிந்திய திராட்சை ரசக் கறை இன்னும் அதன் பக்கங்களில் இருக்கிறது. அதே ஆண்டு மீரா பாப்போ என்ற யூத இளம்பெண்ணையும் கோர்குத் தன் வீட்டில் வைத்துக் காத்தார். அமீரா என்று பெயர் மாற்றி, முக்காடு போட்டு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்த பெண் என்று அக்கம்பக்கத்தாரிடம் சொன்னார்கள். கோர்குத்தின் மகள் லாமியா 1999இல் கொசோவோ போரில் அகதியாக ஓடியபோது, அவள் பெற்றோரின் அந்த உதவிக்குச் சாட்சியாக இருந்த சான்றிதழைப் பார்த்துத்தான் மாசிடோனியாவின் யூதச் சமூகத்தார் அவளுக்கு வழி செய்தார்கள். இதில் கற்பனை ஒன்றும் இல்லை.

இனி, நீங்கள் சொல்லக்கூடிய தயக்கங்களுக்கு வருகிறேன். சிலருடன் பேசியிருக்கிறேன், அதனால் தெரியும்.

"காசாவில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது யூதர்களைக் காப்பாற்றிய கதையா?" என்பதுதான் முதலில் வருவது. இந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்து எங்கள் வாசிப்பு வட்டத்துப் பிள்ளைகளும் அழுதிருக்கிறார்கள். ஆனால் 1941இல் ஸெய்னெபா மறைத்தது தன் தோழி அணிந்திருந்த ஒரு நட்சத்திரத்தை. எந்த அரசாங்கத்துக்கும் அவர் சான்றிதழ் எழுதிக்கொடுக்கவில்லை. அப்போது இஸ்ரேல் என்ற அரசே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை கொல்லப்படக் கூடாது என்று நினைக்கிற ஒருத்தி, காசாப் பிள்ளைக்கும் அதையேதான் நினைப்பாள். இந்தச் சிக்கலை மறைக்கவும் வேண்டாம். பெர்லினில் முகமது ஹெல்மி என்ற எகிப்திய மருத்துவர், அன்னா போரோஸ் என்ற யூதச் சிறுமியைத் தன் உறவுக்காரப் பெண் என்று சொல்லி முக்காடு போட்டுக் காப்பாற்றினார். 2013இல் யாத் வஷேம் அவரைச் சிறப்பித்தது. அரபியர் ஒருவருக்கு அந்தச் சிறப்பு கிடைத்தது அதுவே முதல்முறை. இஸ்ரேல் தரும் சிறப்பு என்பதால் அவர் உறவினர்கள் அப்போது வாங்கிக்கொள்ளவில்லை. 2017இல்தான் உறவினர் ஒருவர் பெர்லினில் பெற்றுக்கொண்டார். இதை நூலின் பின்பக்கக் குறிப்பில் எழுதுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். பெரியவர்கள் நினைப்பதைவிட நன்றாகவே புரியும்.

இரண்டாவது, "முஸ்லிம்களும் நல்லவர்கள் என்று காட்டுகிற புத்தகம், நல்லது, செய்யலாம்" என்ற ஆதரவு. இந்த ஆதரவுதான் எனக்கு அதிகம் கவலை தருகிறது. தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். நம் சிறார் கதைகளில் முஸ்லிம் பாத்திரம் பெரும்பாலும் பெருநாளன்று பிரியாணி கொண்டுவரும் நண்பனாகத்தான் வருகிறான். அவனுக்கு வீடு இருக்காது, பயம் இருக்காது, கோபம் இருக்காது. அவனை எடுத்துவிட்டு இப்போது உயிர்த்தியாகம் செய்யும் புனிதனை வைத்தால் என்ன மாறும்? நற்சான்றிதழ் வாங்கித் தர யாரும் உங்களைக் கேட்கவில்லை. ஸெய்னெபாவுக்கு நடுங்கட்டும். முஸ்தஃபாவுக்கும் இஸெத்துக்கும் இடையே ராத்திரி வாக்குவாதம் வரட்டும்: நம் பிள்ளைகளின் கதி என்ன? வீட்டில் இருக்கும் ரொட்டி எத்தனை பேருக்குப் போதும்? பயந்தவர்கள் செய்ததால்தான் அது பெரிய காரியம்.

நடந்ததின் மறுபக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். 1943இல் போஸ்னிய முஸ்லிம்களைச் சேர்த்து ஜெர்மானியர்கள், ஹிட்லர் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.ஸில் ஒரு படைப்பிரிவை அமைத்தார்கள். ஜெருசலேமின் முஃப்தியாக, அதாவது இஸ்லாமிய மார்க்கத் தலைவராக இருந்த அமீன் அல் ஹுசைனி, பெர்லினில் இருந்துகொண்டு அதற்கு ஆள் சேர்க்க உதவினார். கொசோவோவில் அல்பேனிய முஸ்லிம்களைக் கொண்ட இன்னொரு எஸ்.எஸ். பிரிவு, 1944இல் பிரிஷ்டினாவில் 281 யூதர்களைப் பிடித்தது. மறுபுறம், 1941 அக்டோபரிலேயே சரயேவோவின் முஸ்லிம் பெரியவர்கள் வன்முறைகளைக் கண்டித்துத் தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே ஊர், ஒரே மதம், ஒரே தெரு; ஒருவர் சீருடை போட்டார், ஒருவர் கதவைத் திறந்தார். இந்த வேறுபாடு இல்லாவிட்டால் உங்கள் கதையில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை. சரயேவோ யூதர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை என்பதும் கதையில் எங்காவது தெரிய வேண்டும். காலியான வகுப்பு இருக்கை ஒன்றோ பூட்டிய கடை ஒன்றோ போதும், பிணக் குவியலைக் காட்டத் தேவையில்லை.

காப்பாற்றப்பட்டவர்களைச் சும்மா நன்றி சொல்லிக்கொண்டிருக்கும் பொம்மைகளாகவும் ஆக்கிவிடாதீர்கள். கபிலியோ தானே தப்பித்தார். தன்னால் நண்பனுக்கு ஆபத்து வரக் கூடாது என்று தானே கிளம்பிப் போனார். இத்தாலியர்கள் சரணடைந்த பிறகு அந்தக் குடும்பம் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்ட பார்ட்டிசன் படையோடு போய்ச் சேர்ந்தது.

புனைவு என்றதும் எண்ணிக்கையை ஊதிவிடும் ஆசை வரும். பாரிஸ் பெரிய பள்ளிவாசல் கதையில் இது நடந்திருக்கிறது. 1926இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளிவாசலின் தலைவர் சி கத்தூர் பென்கப்ரித். யூதர்களுக்கு முஸ்லிம்கள் என்று பொய்ச் சான்று தருவதாகப் பள்ளிவாசல் ஊழியர்கள் மேல் ஜெர்மானியருக்குச் சந்தேகம் இருந்ததை 1940 செப்டம்பர் ஆவணம் ஒன்று காட்டுகிறது. சலீம் ஹலாலி என்ற அல்ஜீரிய யூதப் பாடகருக்குச் சான்று கொடுத்து, அதை யாராவது சோதித்தால் நம்ப வேண்டுமே என்று போபினி முஸ்லிம் கல்லறையில் ஒரு கல்லில் அவர் தந்தையின் பெயரைப் பொறித்துவைத்தார்கள் என்பது பலரும் சொல்லும் செய்தி. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப்பட்டதாகவும் எழுதுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. ஒரு பாடகன், ஒரு கல், ஒரு பெயர். பிள்ளைகளின் கதைக்கு அது போதாதா? நூலின் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கி, எது நடந்தது, எது நீங்கள் சேர்த்தது என்று பிரித்து எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

ஓவியர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். முஸ்லிம் என்றதும் பாலைவனம், ஒட்டகம், பேரீச்ச மரம் வரையாதீர்கள். சரயேவோவில் குளிர்காலத்தில் முழங்கால் அளவு பனி விழும். செங்குத்தான ஓட்டுக்கூரை, நடுமுற்றம், மர மாடி, செம்பு காபிக் கெண்டி, மெலிந்த உயரமான மினார். அல்பேனிய மலை ஊர்க்காரர் தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. இஸ்லாம் என்பது ஒரே நிறம், ஒரே உடை என்று நம் பிள்ளைகள் மனதில் பதிந்திருப்பதை உங்கள் தூரிகை ஒரு பக்கத்திலேயே மாற்றிவிடும்.

"நம் பிள்ளைகளுக்கு இது தூரத்துக் கதை, விற்குமா?" என்பது மூன்றாவது. தமிழ் வாசிக்கும் பிள்ளைகள் சென்னையிலும் மதுரையிலும் மட்டும் இல்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தபோது, சிங்கள, முஸ்லிம் அண்டை வீட்டாரின் அறைகளில் ஒளிந்து உயிர் பிழைத்தவர்கள் இன்று டொராண்டோவிலும் லண்டனிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். 1990இல் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் தமிழ் பேசுகிறவர்களே. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் வாசிக்கிறார்கள். பூட்டிய அறைக்குள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த இரவைப் பற்றி ஒரு பாட்டியிடம் கேட்க, அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு உங்கள் புத்தகம் காரணமாகலாம். அந்தக் கதைகளையும் யாராவது எழுத வேண்டும். அது வேறு மடல்.

மொழிபெயர்ப்பு உரிமை வாங்கிப் போட்டுவிடலாமே என்று பதிப்பாளர்களுக்குத் தோன்றும். வாங்குங்கள், அதுவும் தேவை. ஆனால் தமிழில் யோசித்து எழுதிய ஒன்றாவது வேண்டும். காபிக் கெண்டியை நம் பிள்ளை தூக்கிப் பார்க்க வேண்டும். உம்மாவின் முக்காட்டு வாசனை தெரிந்த எழுத்தாளர், ஸெய்னெபாவின் திரையைப் பற்றி எழுத வேண்டும். முஸ்லிம் எழுத்தாளர்களும் இதில் வரவேண்டும், வரலாற்றைச் சரிபார்ப்பவராக மட்டுமின்றி ஆசிரியராகவே.

நடைமுறைக்கு வருகிறேன். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு, பெரிய எழுத்தில், அறுபது எழுபது பக்கங்களில், ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுங்கள். ஒரு நூலில் ஐந்து நாடுகளைத் திணித்தால் பொது அறிவுப் புத்தகமாகிவிடும். பள்ளி நூலகங்கள் வாங்கக்கூடிய விலை வையுங்கள். பளபளப்புத் தாளும் கெட்டி அட்டையும் எங்களுக்கு வேண்டாம், தையல் பிரியாமல் இருந்தால் போதும். பிள்ளைகள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். யார் எழுத முன்வந்தாலும் படியெடுத்து அனுப்புகிறேன். கையெழுத்துப் பிரதி தயாரானதும் அச்சுக்குப் போவதற்கு முன் எங்களுக்கு ஒன்று கொடுங்கள். எங்கள் வட்டத்தில் சத்தமாக வாசித்து, எங்கே சலித்தது, எங்கே புரியவில்லை, எங்கே நம்ப முடியவில்லை என்று பிள்ளைகள் தங்கள் கையாலேயே எழுதித் தருவார்கள். ஏழாம் வகுப்பில் கேள்வி கேட்ட அந்தப் பெண் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். முதலில் வாசித்துக் காட்டும் வேலையைத் தனக்கே தர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஒரு கிளை நூலக வாசிப்பு வட்டத்தின் பொறுப்பாளர்